இரசக் கலமும் பழைய கமராவின் ஒளிமானியும்

கருவியொன்று தேய்ந்து முடிந்து கைவிடப்படுவது ஒரு முறை. தன்னளவிற் பழுது ஏதுமின்றி, அதற்கு ஊட்டவேண்டிய சிறு பொருளொன்று கடையிற் கிடையாமையாற் கைவிடப்படுவது இன்னொரு முறை. 1960 ஆம் ஆண்டையடுத்து ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்திற் செய்யப்பட்ட சிறந்த கமராக்கள் பலவற்றுக்கு நேர்ந்தது இவ்விரண்டாம் முறையாகும். வில்லையிற் பூஞ்சணம் இல்லை. ஷட்டர் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றது. பிலிமை நகர்த்தும் நெம்பு விரலுக்கு இதமாக அசைகின்றது. ஆயினும் ஒளியை அளந்து சொல்லும் மானியின் ஊசி மட்டும் கிடந்த இடத்திற் கிடக்கின்றது. அதற்கு உயிரூட்டிய இரசக் கலத்தை இன்று கடைகளிற் காண்பதற்கில்லை.

ஊசி அசையாதிருப்பதாயின் அஃது ஒளிவுமறைவற்ற குறை. உடையவர் அதனை நம்பமாட்டார். தம் கண்ணையும் அனுபவத்தையும் நம்பிப் படமெடுப்பார். இதனினும் கெட்டது, ஊசி உற்சாகமாக அசைந்து பொய் சொல்வது. தந்தையாரின் கமராவை அலுமாரியிலிருந்து எடுத்தவர் கடைக்குச் செல்கிறார். பழைய கலத்தின் மேல் 625 என்ற எண் பொறித்திருக்கின்றது. கடைக்காரரும் அதே எண் பொறித்த புதிய கலத்தை எடுத்துத் தருகிறார். குழியில் அது கச்சிதமாக அமர்கின்றது, ஊசியும் எழுகின்றது. பின்னர் பிலிம் சுருளொன்று முழுவதையும் குடும்பத்துச் சடங்கொன்றிற் செலவிட்டுக் கழுவிப் பார்த்தால், நிழற்பகுதிகள் யாவும் விவரமற்றுக் கரிபூசினாற்போற் கிடக்கின்றன. கடைக்காரர் மீது குற்றமில்லை. 625 என்பது கலத்தின் பருமனைக் குறிக்கும் எண்ணாகவே இன்று வழங்குகின்றது. அதனுள்ளே இருக்கும் இரசாயனத்தை அது சொல்வதில்லை. குழிக்குப் பொருந்துங் கலம் மானிக்கும் பொருந்தும் என்ற எண்ணமே இங்கே நட்டத்தை விளைவிக்கின்றது. பிலிமும் கழுவுங் கூலியும் விலையேறிய இந்நாளில் அந்நட்டம் சிறிதன்று. சடங்கோ திரும்பி வருவதில்லை.

இரசக் கலத்தை இப்போதைய வடிவில் ஆக்கியவர் சாமுவேல் ரூபன் என்னும் அமெரிக்கர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், வெப்ப நாடுகளிலே போரிட்ட படையினரின் கையடக்க வானொலிக் கருவிகளுக்கு, சூட்டிலும் ஈரத்திலும் கெடாத கலமொன்று தேவைப்பட்டது. ரூபன் அதனை வகுத்தார். மலோரி நிறுவனத்தார் அதனைப் பெருந்தொகையாகச் செய்தனர். போர் முடிந்தபின் செவித்துணைக் கருவிகளிலும் கைக்கடிகாரங்களிலும் கமராக்களிலும் அது குடிபுகுந்தது. அதன் அமைப்பு எளிது. ஒரு பக்கத்தில் நாகத் தூள். மறு பக்கத்தில் இரசவொட்சைட்டு. இடையிலே பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல் ஊறிய பஞ்சு போன்ற தடுப்பு. நாகம் ஒட்சியேற்றமடைந்து நாகவொட்சைட்டாகின்றது. இரசவொட்சைட்டு தாழ்த்தப்பட்டு இரசமாகின்றது. இத்தாக்கத்தின் மின்னியக்க விசை 1.35 வோல்ற்று.

மாணவர் இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். தாக்கத்தில் ஈடுபடும் பொருள்கள் நான்கும் தூய திண்மங்கள் அல்லது தூய திரவம். நாகம் குறையலாம், இரசம் கூடலாம். ஆனால் அவற்றின் செறிவு என்று சொல்லத்தக்கது மாறுவதில்லை. மின்பகுபொருளும் மொத்தத்திற் செலவாவதில்லை. ஆதலினாலே கலம் புதிதாயிருக்கும் நாளிலும், ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்ட நாளிலும் அதன் வோல்ற்றளவு ஒன்றே. சாகும் வேளையிலேதான் அது திடீரென வீழ்கின்றது. ஆய்கூடத்தில் அழுத்தமானியைப் பயன்படுத்தியவர்களுக்கு நியமக் கலம் நினைவிருக்கும். எட்வேட் உவெசுத்தன் 1893 இல் ஆக்கிய கட்மியக் கலமே 1911 முதல் 1990 வரை வோல்ற்றுக்கு உலக நியமமாக நின்றது. 20 பாகை சதமவளவில் அதன் மின்னியக்க விசை 1.0186 வோல்ற்று. அதிலும் இரசம் உண்டு. அதே உவெசுத்தனின் பெயர் தாங்கிய ஒளிமானிகள் ஒளிப்படக்காரரிடையே புகழ்பெற்றிருந்தன என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்க ஒற்றுமை. அவை செலனியத்தால் இயங்கியவை, கலமே வேண்டாதவை.

கமரா செய்தோர் இரசக் கலத்தை விரும்பியதன் காரணம் இப்போது விளங்கும். அவர்கள் வாங்கியது மின்னை மட்டுமன்று. காசுக்குக் கிடைத்த நியமக் கலம் ஒன்றையும் கூடவே வாங்கினர். வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்க வேறொரு சுற்று வேண்டியதில்லை. கலமே அந்த வேலையையும் செய்தது. சிக்கனமான சூழ்ச்சிதான். ஆயினும், கலம் மாறினால் அளவுகோலே மாறிவிடும் என்ற கட்டும் அதனுடனேயே வந்தது.

அக்கலம் ஏன் மறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில் அதனை வீண் கெடுபிடியெனப் பழைய கமராப் பிரியர் சிலர் குறை கூறுவதுண்டு. ஜப்பானிலே மினமாட்டா என்னும் கரையோர ஊரில், தொழிற்சாலையொன்று கடலில் விட்ட சேதன இரசச் சேர்வை மீனினூடாக மனிதரை அடைந்து நரம்புகளைச் சிதைத்தது. அந்நோய் 1956 இல் வெளிப்படையாக அறியப்பட்டது. அதனை விளைவித்தது மின்கலமன்று. எனினும் இரசம் நீரிற் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதை உலகம் அங்கேயே கண்டது. இரசக் கலத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இரசமாகும். அமெரிக்காவில் 1996 இன் சட்டமொன்று இரசவொட்சைட்டுப் பொத்தான் கலங்களின் விற்பனையைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டு முதல் அவ்வழியிற் சென்றது. அவ்வூரின் பெயரையே தாங்கிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே ஊறிவரும் கிணற்று நீரை உண்டு வளர்ந்த எமக்கு, நிலத்தில் எறிந்தது நீரிற் சேரும் என்பதை எவரும் விளக்கவேண்டியதில்லை. தடை முறையானதே. எனவே பழைய இருப்பிலிருந்து இரசக் கலம் தேடி அலைவதை யான் எவருக்கும் பரிந்துரையேன். முப்பதாண்டு கிடந்த கலம் கசிந்து கமராவை அரிப்பதற்கே பெரும்பாலும் உதவும்.

இனி மானியைப் பார்ப்போம். அக்காலக் கமராக்களில் ஒளியை உணர்வது கட்மியம் சல்பைட்டுத் துண்டொன்று. இருளில் அதன் தடை மிகப் பெரிது; ஒளி பட்டால் தடை குறையும். மிக எளிய அமைப்பிற் கலமும், இவ்வொளித்தடையும், நுண்ணிய கல்வனோமானியும் தொடராக இணைந்திருக்கும். ஒளி கூடினால் ஓட்டம் கூடும், ஊசி விலகும். ஆனால் ஊசிக்குத் தெரிவது ஓட்டமொன்றே. ஓட்டம் கூடியது ஒளி கூடியதாலா, கலத்தின் வோல்ற்று கூடியதாலா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. 1.35 வோல்ற்றுக் கலத்தின் இடத்தில் 1.55 வோல்ற்றுக் கலத்தை வைத்தால், அதே வெளிச்சத்தில் ஓட்டம் 15 சதவீதம் மிகும். ஊசி வெளிச்சம் மிகுந்ததென்று சொல்லும். அச்சொல்லைக் கேட்டு நாம் துவாரத்தைச் சுருக்குவோம். பிலிமுக்குப் போதிய ஒளி சேராது.

15 சதவீதந்தானே, அது பெரிதோ எனச் சிலர் கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். கல்வனோமானியின் தடையை 2000 ஓம் எனக் கொள்க. ஒளி இருமடங்கானால் ஒளித்தடை ஏறத்தாழ 0.62 மடங்காகக் குறைகின்றதெனவும் கொள்க. இவ்வாறு ஒளி இருமடங்காவதையே ஒளிப்படக்காரர் ஒரு ஸ்ரொப், அதாவது ஒரு படி, என்பர். முதலில் மங்கிய அறையொன்று: ஒளித்தடை 100,000 ஓம். மொத்தம் 102,000 ஓம். வோல்ற்று 1.55 ஆனதும் பாயும் ஓட்டம், 1.35 வோல்ற்றுக் கலத்துடன் மொத்தத் தடை 88,800 ஓம் ஆக இருந்தாற் பாயும் ஓட்டத்துக்குச் சமம். அதாவது மானி ஒளித்தடையை 86,800 ஓம் என எண்ணுகின்றது. பிழை ஏறத்தாழ 0.3 படி, பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து மர நிழல்: ஒளித்தடை 2000 ஓம். மொத்தம் 4000, மானி எண்ணுவது 3484. கல்வனோமானியின் 2000 ஐக் கழித்தால் ஒளித்தடை 1484 ஓம். பிழை 0.6 படி. இனி வெயில்: ஒளித்தடை 1000 ஓம். மொத்தம் 3000, மானி எண்ணுவது 2613, கழித்தால் 613. ஆயிரம் என்பது 613 ஆகிவிட்டது. பிழை முழுதாக ஒரு படி. வெயில் இன்னும் ஏற ஏறப் பிழையும் ஏறும்.

உண்மைக் கமராக்களில் வேறு தடைகளும் சேர்ந்திருப்பதால் எண்கள் அங்கங்கே மாறும். ஆயினும் கணக்கின் சாரம் நிற்கும். பிழை எங்கும் ஒரே அளவினதாக இராது. ஒளி மிகுந்தவிடத்திலே அது பெரிதாகும். விளையாட்டுப் போட்டியும் தேர்த் திருவிழாவும் நடைபெறுவது எமது நாட்டிற் பெரும்பாலும் அந்த வெயிலில்தான். இக்கணக்கு இன்னொரு வழக்கத்தின் குறையையும் காட்டுகின்றது. பிலிமின் வேகம் 100 ஆக இருக்க, கமராவில் 64 எனத் திருப்பி வைத்தாற் போதும் என்பர் பலர். அதனால் எல்லாவிடத்திலும் மூன்றில் இரண்டு படி கூடுதலான ஒளி கிடைக்கும். நிழலுக்கு அது சரியாகலாம், வெயிலுக்குப் போதாது, அறைக்கு மிகை. நெகற்றிவ் பிலிம் சிறு மிகையைத் தாங்கும். ஸ்லைட் பிலிம் தாங்காது. அவசரத்துக்கு ஆகுமேயன்றி, அதனைத் தீர்வென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

எல்லாக் கமராவும் இப்படிக் கலத்தை நம்பியிருக்கவில்லை. 1964 இல் வெளிவந்த அசாகி பென்ரக்ஸ் ஸ்பொற்மாற்றிக் கமராவின் உள்ளே இருப்பது நாம் ஆய்கூடத்திற் கண்ட உவீத்தன் பாலமே. பாலத்தின் நான்கு புயங்களில் ஒன்று ஒளித்தடை. இன்னொன்று, ஷட்டர் வேகத்துடனும் பிலிம் வேகத்துடனும் இணைந்து மாறுந் தடை. துவாரத்தைத் திருப்ப, ஒளித்தடையின் மேல் விழும் ஒளி மாறும். ஊசி நடுவுக்கு வந்தால் பாலம் சமநிலை அடைந்தது என்பது பொருள். சமநிலைக்குரிய சமன்பாட்டை மாணவர் எழுதிப் பார்க்கட்டும்: முதற் புயத்துக்கும் இரண்டாம் புயத்துக்கும் உள்ள விகிதம், மூன்றாம் புயத்துக்கும் நான்காம் புயத்துக்கும் உள்ள விகிதத்துக்குச் சமம். கலத்தின் வோல்ற்று அச்சமன்பாட்டில் எங்கேனும் வருகின்றதா? இல்லை. கலம் வலிதாயின் ஊசி சற்று விரைந்து அசையும். மெலிதாயின் சோம்பி அசையும். நடு என்பது நடுவே. ஓட்டத்தின் அளவை வாசியாமல் ஓட்டமின்மையை வாசிக்கும் முறையின் சிறப்பு இதுதான். பரீட்சைக்காகப் படித்து மறந்த பாடமொன்று, அறுபது ஆண்டுப் பழைய கமராவிற்குள்ளே அமர்ந்து அதனை இன்றுங் காப்பாற்றிக்கொண்டிருப்பதைக் காண ஆசிரியர்களுக்கு உவகை பிறக்கும். ஸ்பொற்மாற்றிக் உடையவர், குழிக்குப் பொருந்தும் சிறிய வெள்ளியொட்சைட்டுக் கலத்தை இட்டுக் கவலையின்றிப் படமெடுக்கலாம்.

மினோல்ற்றா எஸ்.ஆர்.ரி. 101, ஒலிம்பஸ் ஓ.எம். 1, கனொனெற் வரிசையின் 1972 ஆம் ஆண்டுக் கமரா, றொலை 35, கொசன் நிறுவனத்தின் லூனாசிக்ஸ் 3 கைமானி முதலியன மற்றைய கூட்டத்தைச் சேர்ந்தவை, 1.35 ஐ எதிர்பார்ப்பவை. ஊசி நடுவுக்கு வரவேண்டும் என்பதைக் கொண்டு மட்டும் ஒரு கமராவைப் பாலவகை எனத் துணிதல் கூடாது, ஓ.எம். 1 இலும் ஊசியை நடுவிலேதான் நிறுத்துகிறோம், ஆனால் அது பாலமன்று. தம்மிடமுள்ளது எவ்வகை என அறியாதவர் எளிய பரிசோதனையொன்றைச் செய்யலாம். இரவில் மின்விளக்கொன்றின் கீழ் வெள்ளைத் தாளை வைத்து, கமராவை அசையாமல் நிறுத்தி, வெள்ளியொட்சைட்டுக் கலத்துடன் ஒருமுறையும், வளிக் கலத்துடன் ஒருமுறையும் வாசிக்கவேண்டும். இரண்டிலும் துவாரமும் வேகமும் ஒன்றாகவே வந்தால் அது பாலம். வேறுபட்டால் அது கலத்தை நம்பிய மானி. இவ்வளவு சிறு வேற்றுமையால் மானி பழுதுறும் என்று அஞ்சவேண்டியதில்லை. விளக்கு மிக மங்கலாயிருத்தல் கூடாது. ஏனென்பதை மேற்கூறிய கணக்கே சொல்லும்.

கலங்களை இனங்காண அவற்றின் மேலுள்ள அனைத்துலகக் குறியீடு உதவும். முதலெழுத்தே இரசாயனத்தைச் சொல்லும். எம்.ஆர். 9 என்பதில் எம் இரசத்தைக் குறிக்கும். அதுவே பழைய 625. எல்.ஆர். 9 என்பது அதே பருமனுடைய காரக் கலம். கடையில் 625 என்ற பெயரில் இன்று கிடைப்பது இதுவே. எஸ்.ஆர். 44 வெள்ளியொட்சைட்டு. பீ.ஆர். 44 நாகமும் வளியும் கொண்டது. செவித்துணைக் கருவிக்கென மருந்துக்கடைகளில் 675 என விற்கப்படுவது. ஒரெழுத்தைக் கவனித்து வாங்கினால் ஒரு பிலிம் தப்பும்.

இவற்றுள் காரக் கலமே கைக்கு எளிதில் வருவது. அதுவே இவ்வேலைக்கு முற்றிலும் ஒவ்வாதது. தொடக்கத்தில் 1.5 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பயன்படுத்தப் பயன்படுத்த மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே செல்லும். அதிலுள்ள மங்கனீசீரொட்சைட்டு, தாழ்த்தப்படும்போது வேறொரு தனித் திண்மமாகப் பிரியாமல் தன்னுள்ளேயே படிப்படியாக மாறுவது இதற்குக் காரணம். மிகையான வோல்ற்றுக்கு மானியைத் திருத்தினாலும் அடுத்த மாதம் அத்திருத்தம் பயன்படாது. ஓடிக்கொண்டிருக்கும் அளவுகோலால் எதனை அளப்பது?

வெள்ளியொட்சைட்டுக் கலத்தின் குணம் நல்லது. இரசக் கலம்போலவே அதிலும் தூய திண்மங்களே தாக்கமுறுவதால் 1.55 வோல்ற்றிலே இறுதிவரை நிலைத்து நிற்கும். ஆண்டுக்கு மேல் உழைக்கும். மிகுந்துள்ள 0.2 வோல்ற்றை எங்கேனும் இறக்கிவைத்தாற் போதும். இதற்குத் தொடராக ஒரு தடையை இடலாமே என்று தோன்றும். தடையிலே இறங்கும் வோல்ற்று ஓட்டத்துக்கு விகிதசமமானது. மங்கிய ஒளியில் ஏறக்குறைய ஒன்றுமே இறங்காது, வெயிலில் மிகையாக இறங்கும். ஆகவே அது உதவாது. சொட்கி இருவாயி என்னும் குறைகடத்தித் துண்டு இதற்கு ஏற்றது. அதனூடு செல்லும் ஓட்டம் பத்து மடங்கு மாறினாலும் அதிலிறங்கும் வோல்ற்று ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்றே மாறும். 100 மைக்குரோ அம்பியரில் 0.20 வோல்ற்று இறங்குமாறு ஒன்றைத் தெரிந்தெடுத்தோமெனில், 10 மைக்குரோ அம்பியரில் 0.14 இறங்கும், மானிக்கு 1.41 கிடைக்கும். அது 1.35 இலும் 4 சதவீதமே மிகை. அதுவும் பிழை சிறிதாகும் மங்கிய ஒளியிலே நேர்வது. ஜப்பானிற் செய்யப்பட்ட எம்.ஆர். 9 என்னும் பொருத்தியின் உள்ளே வோல்ற்றைக் குறைக்கும் இத்தகைய சிறு சுற்றே இருக்கின்றது, எஸ்.ஆர். 43 கலத்தை அதில் வைத்துப் பழைய 625 இன் இடத்தில் அப்படியே இடலாம். பற்றாசுக் கோல் பிடிக்கத் தெரிந்த மாணவர், கலக்குழியிலிருந்து செல்லும் கம்பியில் இருவாயியை இணைத்தும் விடலாம், ஓ.எம். 1 கமராவுக்குத் திருத்துநர் பலர் செய்வது இதுவே. லூனாசிக்ஸ் 3 மானிக்கு அதனைச் செய்த நிறுவனமே இரு வெள்ளிக் கலங்களுக்கான பொருத்தியை வெளியிட்டது. காரக் கலத்துடன் இருவாயியை இடுவது வீண்வேலை. சரிந்து செல்வதை அது தடுக்காது.

கமராவைப் பிரிக்க விரும்பாதவருக்கு வளிக் கலமே தகுந்தது. அதிலும் நாகமே எரிபொருள். மறுமுனையின் ஒட்சிசனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. காற்றின் ஒட்சிசன் அளவு மாறாதாகையால் வோல்ற்றும் ஏறத்தாழ 1.4 இல் நிலைத்து நிற்கும். 1.35 இலிருந்து அது விலகுவது 4 சதவீதமளவே. வெயின் என்னும் பெயரால், 625 இன் வடிவிலேயே 1.35 வோல்ற்றுத் தரும் வளிக் கலமும் உண்டு. ஆனால் மருந்துக்கடைக் கலம் அதனினும் மலிவானது. 675 இன் விட்டம் 11.6 மில்லிமீற்றர், 625 இனது ஏறத்தாழ 16. இடைவெளியை நிரப்ப, நீர்க்குழாய் திருத்துவோர் பயன்படுத்தும் இறப்பர் வளையமொன்று போதும். உலோக வளையம் இடுவோர் அது கலத்தின் இரு முனைகளையும் ஒருங்கே தொடாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

வளிக் கலத்தின் குறை அதன் ஆயுள். முதுகிலுள்ள ஒட்டுத்தாளை உரித்த கணத்திலிருந்து, பயன்படுத்தினும் படுத்தாவிடினும் அது முதுமையடைந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதமே எதிர்பார்க்கலாம். வறண்ட காற்று அதன் ஈரத்தை உறிஞ்சும். எமது கரையோரத்து ஈரக் காற்றோ அதனை நீர் கோக்கச் செய்யும். செவித்துணைக் கருவி கேட்கும் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் ஒளிமானி கேட்பது மிகச் சொற்பம். ஆதலின் முதுகிலுள்ள துளைகளில் ஒன்றை மட்டும் திறந்து ஏனையவற்றை ஒட்டுத்தாளால் மூடியே வைத்தால் ஆயுள் நீளும். ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, காற்று உட்புகுந்தபின் கமராவில் இடவேண்டும்.

புதிய கலத்தை இடுமுன் குழியைத் திறந்து பார்த்தல் அவசியம். பழைய இரசக் கலம் உள்ளேயே இருக்கலாம். அதனைக் கையுறையுடன் எடுத்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, சிறுவர் கைக்கு எட்டாமற் பூட்டிவைத்து, அபாயக் கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படைக்கவேண்டும். குப்பையுடன் எரித்தால் இரசம் ஆவியாகி மூச்சிற் கலக்கும். தோட்டத்திற் புதைத்தால் என்னவாகும் என்பதை முன்னரே சொன்னோம். எந்தப் பொத்தான் கலத்தையும் குழந்தை விழுங்க நேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தொண்டையையும் உணவுக்குழாயையும் அது எரித்துவிடும். குழியின் தொடுகைத் தகட்டில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருப்பின், அது கசிந்த காரத்தின் எச்சம். பஞ்சில் வினாகிரியைத் தொட்டுத் துடைத்தாற் கரையும். பின் அற்ககோலாற் துடைத்து உலரவிடவேண்டும். பொருக்கு நீங்கிய பின்னும் ஊசி அசையாவிடின், குழியிலிருந்து செல்லும் கம்பி அரிக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் எளிதில் மாற்றக்கூடியதே. ஒளித்தடையே முதுமையால் தளர்ந்திருப்பதும் உண்டு. அந்நிலையில் எக்கலத்தை இட்டாலும் மானி தவறியே வாசிக்கும். கலத்தைக் குறைகூறிப் பயனில்லை.

றொலை 35 போன்ற சில கமராக்களில் மானியை நிறுத்தும் ஆளி இல்லை. வெளிச்சம் படும்வரை கலம் செலவாகிக்கொண்டே இருக்கும். அவற்றை உறையிலிட்டு வைத்தல் நன்று.

இனிச் சோதனை. கமராவில் கலத்தைச் சோதிக்கும் குறியிருந்தால் முதலில் அதனைப் பார்க்க. அக்குறி பெரும்பாலும் எளிய வோல்ற்றுமானியே. ஊசி குறியைத் தாண்டிச் சென்றால் கலம் 'மிக நல்லது' என்று மகிழற்க. வோல்ற்று மிகையென்பதே அதன் பொருள். பின்னர், முகில் இல்லாத முற்பகலில், சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்து, பிலிம் வேகத்தை 100 இல் நிறுத்தி, வெயில்படும் சாதாரண காட்சியொன்றை நோக்குக. ஷட்டர் 1/125 இல் இருக்க, மானி துவார எண் 16 ஐயோ அதற்கு மிக அண்மையையோ காட்டவேண்டும். வெண்மணலையும் வெள்ளைச் சுவரையும் நோக்காது, புல்லையோ செம்மண் நிலத்தையோ நோக்குதல் வேண்டும். 22 ஐக் காட்டினால் மானி ஒரு படி மிகைப்படுத்துகின்றது. அதன்பின் வீட்டினுள் யன்னலோரத்திலே, சரியென்று அறிந்த வேறொரு மானியுடனோ, கைத்தொலைபேசியில் இயங்கும் ஒளிமானியுடனோ ஒப்பிடுக. வெயிலில் மட்டும் ஒத்து வீட்டினுள் ஒவ்வாவிட்டால், அல்லது வீட்டினுள் ஒத்து வெயிலில் விலகினால், வோல்ற்று இன்னும் சரியாகவில்லை. இரண்டிடத்திலும் அரைப் படிக்குள் ஒத்துவந்தாற் பிலிமைப் பூட்டலாம்.